1011 டிடெக்டர்: தாளில் சரி, பிரெட்போர்டில் மட்டும் ஏன் தாறுமாறாக ஓடுகிறது?

பூச்சியம்_ஒன்று (கேள்வி)

வணக்கம். டிஜிட்டல் லாஜிக் டிசைன் பாடத்தின் முதல் பாதியில் (நம்பர் சிஸ்டம், பூலியன் அல்ஜீப்ரா, கே-மேப், ஆடர், மல்டிபிளெக்சர்) எனக்குச் சிக்கல் இல்லை. ஃபிளிப்ஃபிளாப் (கிளாக் எட்ஜில் ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) வந்ததிலிருந்து தாளில் வரும் விடையும் போர்டில் நடப்பதும் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன.

லேப் வேலை இதுதான்: எக்ஸ் என்ற ஒற்றை பிட் உள்ளீடு, கிளாக்குக்கு ஒரு பிட்டாக வரும். 1011 வந்தால் வெளியீடு இசட் 1 ஆக வேண்டும். ஓவர்லாப் உண்டு (ஒரு 1011-இன் கடைசி 1 அடுத்த 1011-இன் தொடக்கமாகவும் இருக்கலாம்). மீலி வகை (வெளியீடு ஸ்டேட்டையும் அந்த நேரத்து உள்ளீட்டையும் சார்ந்தது). டி ஃபிளிப்ஃபிளாப்தான் பயன்படுத்த வேண்டும்.

நான் போட்ட ஸ்டேட்கள்:

எஸ்0 (00): எதுவும் பொருந்தவில்லை. எக்ஸ்=0 என்றால் எஸ்0, 1 என்றால் எஸ்1
எஸ்1 (01): "1" வந்திருக்கிறது. 0 என்றால் எஸ்2, 1 என்றால் எஸ்1
எஸ்2 (10): "10" வந்திருக்கிறது. 0 என்றால் எஸ்0, 1 என்றால் எஸ்3
எஸ்3 (11): "101" வந்திருக்கிறது. 0 என்றால் எஸ்2, 1 என்றால் எஸ்1, அப்போது இசட்=1

கே-மேப் போட்டால் கிடைத்தவை (கியூ1, கியூ0 இப்போதைய ஸ்டேட்டின் இரு பிட்கள், டி1, டி0 அவற்றின் ஃபிளிப்ஃபிளாப் உள்ளீடுகள், ′ என்றால் எதிர்மாறு):

டி0 = எக்ஸ்
டி1 = கியூ0·எக்ஸ்′ + கியூ1·கியூ0′·எக்ஸ்
இசட் = கியூ1·கியூ0·எக்ஸ்

சிப்கள்: 74ஹெச்சி74 (டி ஃபிளிப்ஃபிளாப்), 74ஹெச்சி08 (ஆண்ட்), 74ஹெச்சி32 (ஆர்), 74ஹெச்சி04 (இன்வெர்ட்டர்), ஒவ்வொன்றிலும் ஒன்று. 5 வோல்ட் சப்ளை. கிளாக்குக்கு ஒரு புஷ் பட்டன்: ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை கிளாக் பின்னில், அங்கிருந்து 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. எக்ஸ் ஒரு ஸ்லைடு ஸ்விட்சிலிருந்து வருகிறது. கியூ1, கியூ0, இசட் மூன்றிலும் 330 ஓம் வைத்து எல்இடி.

நடப்பது: நான்காவது பிட்டுக்காக ஸ்விட்சை 1-க்குத் தள்ளியதுமே, கிளாக் அழுத்தும் முன்பே இசட் எரிகிறது. கிளாக் அழுத்தினால் அணைந்துவிடுகிறது. இது ஒன்று. சில நேரம் 1, 0 கொடுத்த பிறகு கியூ1 எரிவதே இல்லை. இது இரண்டு. போர்டின் பக்கத்தில் கை கொண்டுபோனாலே ஸ்டேட் மாறுகிறது. இது மூன்று. மூன்றுக்கும் ஒரே காரணமா, வேறு வேறா? இந்த சீக்வென்ஷியல் பகுதியை எப்படிப் படித்தால் பிடிபடும் என்றும் சொல்லுங்கள்.

---

ஏறுமுனை

மூன்றும் வேறு வேறு. முதலாவது தவறே இல்லை, சர்க்யூட் சரியாக வேலை செய்வதற்கான அடையாளம். சமன்பாடுகளும் சரி.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதைத் தீர்க்காமல் மற்றதைச் சோதிக்கவே முடியாது. 7474-ல் பின் 1, 13 இரண்டும் கிளியர் (கியூவை 0 ஆக்குவது). பின் 4, 10 இரண்டும் பிரீசெட் (1 ஆக்குவது). நான்குமே 0 வந்தால் வேலை செய்பவை, அதுவும் கிளாக்குக்காகக் காத்திருக்காமல். உங்கள் இணைப்புப் பட்டியலில் இவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆகவே அந்தரத்தில் தொங்குகின்றன என்றே எடுத்துக்கொள்கிறேன். ஹெச்சி குடும்பம் சிமாஸ். அதன் உள்ளீடு மின்னோட்டமே ஏறக்குறைய எடுக்காது. எதனுடனும் இணைக்காத பின் பக்கத்து வயர், உங்கள் கை, ஃபேன் மோட்டார் என்று எதிலிருந்து வரும் இரைச்சலையும் பிடித்துக்கொண்டு 0-க்கும் 1-க்கும் நடுவில் அலையும். பழைய 74எல்எஸ் சிப்பில் காலியாக விட்ட உள்ளீடு பெரும்பாலும் 1 போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் சில பழைய லேப் படங்களில் இந்தப் பின்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். ஹெச்சியில் அந்தச் சலுகை கிடையாது.

பின் 4, 10 நேராக 5 வோல்ட்டுக்கு. பின் 1, 13 இரண்டையும் சேர்த்து 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு, அதே இடத்திலிருந்து ஒரு பட்டன் கிரவுண்டுக்கு. இது உங்கள் ரீசெட். இது கட்டாயம் வேண்டும்: சப்ளை கொடுத்தவுடன் 7474 எந்த ஸ்டேட்டில் எழும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. எஸ்0-வில் தொடங்குகிறோம் என்று தாளில் எழுதினால், அங்கே கொண்டுபோய் நிறுத்த போர்டில் ஒரு வழி இருக்க வேண்டும்.

அதோடு, பயன்படுத்தாத கேட்களின் உள்ளீடுகளையெல்லாம் கிரவுண்டில் கட்டுங்கள். 7432-ல் ஒரு கேட்தான் தேவை, ஆகவே பின் 4, 5, 9, 10, 12, 13 கிரவுண்டுக்கு. வெளியீடுகளை மட்டும் சும்மா விடுங்கள், அவற்றைக் கிரவுண்டில் கட்டினால் சிப் சூடாகும். ஒவ்வொரு சிப்பின் 14, 7 பின்களுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், சிப்பை ஒட்டியே. சில பிரெட்போர்டுகளில் சப்ளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும்; மறுபாதி சிப்களுக்கு 5 வோல்ட் போகிறதா என்று சிப்பின் காலிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், போர்டின் துளையில் அல்ல.

இரண்டாவது பிரச்சினை பட்டன் துள்ளல். பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளேயுள்ள தகடு சில மில்லி விநாடிகளுக்கு ஒட்டி விலகி ஒட்டி நிற்கும். நானோ விநாடிக் கணக்கில் இயங்கும் 7474-க்கு அவை ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிளாக். உங்கள் ஸ்டேட் டேபிளையே வைத்துப் பாருங்கள்: எஸ்1-ல் எக்ஸ்=0 வைத்து அழுத்துகிறீர்கள். முதல் எட்ஜில் எஸ்2. துள்ளலில் வந்த இரண்டாவது எட்ஜில் எஸ்0. கண்ணுக்குத் தெரிவது "கியூ1 எரியவே இல்லை". ஆனால் எஸ்0-வில் எக்ஸ்=1 வைத்து அழுத்தும்போது இரண்டு எட்ஜ் வந்தாலும் எஸ்1-லேயே நிற்கும், ஒன்றும் தெரியாது. அதனால்தான் முதல் பிட் எப்போதும் சரியாக இருப்பது போலத் தோன்றி, பழி சமன்பாட்டின் மேல் விழுகிறது.

சரிசெய்ய: 7404-ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 74ஹெச்சி14 போடுங்கள். பின் அமைப்பு அப்படியே ஒன்றுதான், ஆனால் உள்ளீடு ஷ்மிட் ட்ரிகர் (ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது வேறு எல்லை, அதனால் மெதுவாக மாறும் சிக்னலும் ஒரே சுத்தமான எட்ஜாக வரும்). பட்டன் இணைப்பைத் தலைகீழாக்குங்கள்: 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், அந்த முனையிலிருந்து 1 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு, அதே முனையிலிருந்து 100 ஓம் வழியாகப் பட்டன், பட்டனின் மறுமுனை கிரவுண்டுக்கு. அந்த முனையை 7414-இன் பின் 3-ல் கொடுத்து, பின் 4-ஐ 7474-இன் பின் 3, 11 இரண்டுக்கும் கிளாக்காக எடுங்கள். அழுத்தியதும் கெப்பாசிட்டர் 100 ஓம் வழியாகச் சட்டென்று காலியாகும், வெளியீடு மேலே போகும், அதுதான் உங்கள் ரைசிங் எட்ஜ். தகடு துள்ளி விலகினாலும் 10 கிலோ ஓம் வழியாக அது மீண்டும் மேல் எல்லை வரை நிரம்ப 7, 8 மில்லி விநாடி ஆகும். அதற்குள் தகடு திரும்ப ஒட்டிவிடும்.

கெப்பாசிட்டரை மட்டும் வைத்து நேராக 7474-இன் கிளாக்கில் கொடுத்துவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான், முன்பைவிட மோசமாகும். 74ஹெச்சி74-க்கு 4.5 வோல்ட்டில் உள்ளீடு ஏற அனுமதித்த நேரம் 500 நானோ விநாடி. ஆர்சி முனை ஏறுவதோ 10 மில்லி விநாடி கணக்கில். அவ்வளவு மெதுவாக நடு எல்லையைக் கடக்கும்போது இரைச்சலால் பல எட்ஜ் உருவாகும்.

எக்ஸ் ஸ்விட்சுக்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். அதுவும் துள்ளத்தான் செய்யும், ஆனால் எக்ஸ் எவ்வளவு துள்ளினாலும் கிளாக் எட்ஜ் வரும் கணத்தில் அது என்னவாக இருக்கிறது என்பதை மட்டுமே ஃபிளிப்ஃபிளாப் பார்க்கும். ஸ்விட்சைத் தள்ளி, கையை எடுத்து, அப்புறம் கிளாக் அழுத்துகிறீர்கள். அதற்குள் எக்ஸ் அமைதியாகிவிடும். கிளாக்குக்கு மட்டும் ஏன் துள்ளல் நீக்கம், எக்ஸுக்கு ஏன் வேண்டாம் என்று உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால் பாடத்தின் இரண்டாம் பாதியில் பெரும்பகுதி கைவசம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது முதலாவது. மீலியில் வெளியீடு, ஸ்டேட்டையும் இப்போதைய உள்ளீட்டையும் சேர்த்துப் பார்ப்பது. "101" முடிந்து எஸ்3-ல் நிற்கிறீர்கள். எக்ஸை 1 ஆக்கினால் கியூ1·கியூ0·எக்ஸ் உடனே 1. இதற்குக் கிளாக் தேவையே இல்லை, அது வெறும் ஆண்ட் கேட். கிளாக் அடித்ததும் ஸ்டேட் எஸ்1 ஆகிறது, கியூ1 0 ஆகிறது, இசட் அணைகிறது. மீலி சர்க்யூட்டின் வெளியீட்டை எட்ஜுக்குச் சற்று முன் படிக்க வேண்டும், பின் அல்ல. எஸ்3-ல் நின்றுகொண்டு கிளாக்கைத் தொடாமல் ஸ்விட்சை மட்டும் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், இசட் கூடவே எரிந்து அணையும். அதுவும் சரிதான்.

கடைசியாக எல்இடி. 330 ஓம் வைத்தால் சிவப்பு எல்இடியில் சுமார் 9 மில்லி ஆம்பியர் போகும். ஹெச்சி வெளியீட்டின் மின்னழுத்த அளவுகளை டேட்டாஷீட் உறுதி சொல்வது 4 மில்லி ஆம்பியர் வரைக்கும்தான். அதற்குமேல் இழுத்தால் 1 என்ற அளவு சரியும். அடுத்த கேட் அதை 1 என்று ஏற்க 5 வோல்ட் சப்ளையில் 3.5 வோல்ட்டாவது வேண்டும். கியூ0, கியூ1 இரண்டும் எல்இடியையும் ஓட்டி, கேட்களையும் ஓட்டுகின்றன. 1 கிலோ ஓம் போடுங்கள், 3 மில்லி ஆம்பியரில் நன்றாகவே தெரியும்.

---

கட்டமும்_குழுவும்

போர்டு பக்கம் ஏறுமுனை முழுதாகச் சொல்லிவிட்டார். நான் தாள் பக்கம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் டிசைனில் ஓர் அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது.

டி0 = எக்ஸ் என்று வந்தது தற்செயல் அல்ல. எஸ்1, எஸ்3 இரண்டும் "கடைசியாக வந்தது 1" என்ற ஸ்டேட்கள். எஸ்0, எஸ்2-க்குப் போகும் அம்புகள் எல்லாம் 0-ல் வருபவை. நீங்கள் கொடுத்த எண்களில் எஸ்1, எஸ்3-க்குக் கடைசி பிட் 1, மற்றவற்றுக்கு 0. ஆகவே கியூ0 என்பது "சற்றுமுன் வந்த பிட்" என்ற பொருளையே பெற்றுவிட்டது. அதனால் கேட்டே இல்லாமல் எக்ஸ் நேராக டி0-க்குப் போகிறது.

இதே ஸ்டேட்களுக்கு எஸ்2=11, எஸ்3=10 என்று மாற்றி எண் கொடுத்து மறுபடி கே-மேப் போட்டுப் பாருங்கள். டி1-ல் மூன்று 1-கள் வரும், ஒன்றோடொன்று ஒட்டாது, மூன்று உள்ளீட்டு ஆண்ட் மூன்று வேண்டும். டி0 = கியூ1′·எக்ஸ் + கியூ1′·கியூ0 + கியூ1·கியூ0′ என்று நீளும். ஸ்டேட் வரைபடம் ஒன்றுதான், வேலை ஒன்றுதான், சிப் எண்ணிக்கை மட்டும் எகிறுகிறது. ஸ்டேட் அசைன்மென்ட் என்ற தலைப்பைப் புத்தகத்தில் அரைப் பக்கமாகப் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் இதை ஒருமுறை கையால் செய்தால் மறக்க மாட்டார்கள்.

7408 கணக்கையும் பார்த்துவிடுவோம். சமன்பாடுகளை அப்படியே வைத்தால் இரண்டு உள்ளீட்டு ஆண்ட் ஐந்து வேண்டும், ஒரு சிப்பில் நான்குதான். ஆனால் கியூ1·எக்ஸ் என்பது டி1-ன் இரண்டாம் உறுப்பிலும் இருக்கிறது, இசட்டிலும் இருக்கிறது. அதை ஒருமுறை செய்து இரண்டிலும் பயன்படுத்தினால் நான்கில் முடியும்:

பின் 1, 2: கியூ0, எக்ஸ்′. வெளியீடு பின் 3
பின் 4, 5: கியூ1, எக்ஸ். வெளியீடு பின் 6
பின் 9, 10: பின் 6, கியூ0′. வெளியீடு பின் 8
பின் 12, 13: பின் 6, கியூ0. வெளியீடு பின் 11, இதுவே இசட்

பின் 3, 8 இரண்டும் 7432-இன் பின் 1, 2-க்கு, அதன் பின் 3 டி1-க்கு. கியூ0′-க்கு இன்வெர்ட்டர் வேண்டாம், 7474-இன் பின் 6-லேயே இருக்கிறது. எக்ஸ்′-க்கு 7414-இன் முதல் இன்வெர்ட்டர், பின் 1 உள்ளே, பின் 2 வெளியே. அதே சிப்பில் மிஞ்சும் 5, 9, 11, 13 கிரவுண்டுக்கு.

சோதிக்கும் வரிசை முக்கியம். 1011 மட்டும் கொடுத்துவிட்டு "வேலை செய்கிறது" என்று எழுந்துவிடக் கூடாது, ஏனென்றால் தவறான ஸ்டேட் டேபிளும் அதைத் தாண்டிவிடும். 11011 கொடுங்கள்: எஸ்1-ல் 1 வந்தால் எஸ்0-க்குத் திரும்பும் தவறு இதில் சிக்கும். 101011 கொடுங்கள்: எஸ்3-ல் 0 வந்தால் எஸ்2-க்குப் போகாமல் எஸ்0-க்குப் போகும் தவறு இதில் சிக்கும், மாணவர்களின் விடைத்தாளில் அதிகம் வருவதும் இந்தத் தவறுதான். 1011011 கொடுங்கள்: நான்காவதிலும் ஏழாவதிலும் இசட் வர வேண்டும், வராவிட்டால் ஓவர்லாப் அம்பு தவறு. ஒவ்வொன்றுக்கும் முன் ரீசெட்.

எங்கே பிசகுகிறது என்று பிரிக்க கியூ0 எல்இடியையே கருவியாக்கலாம். டி0 = எக்ஸ் என்பதால், கிளாக் அடித்தபின் கியூ0 எப்போதும் நீங்கள் கடைசியாக வைத்த பிட்டையே காட்ட வேண்டும். கிளாக் இருமுறை துள்ளினாலும் இது மாறாது. ஆகவே கியூ0-வே தவறினால் வயரிங்கோ சப்ளையோ கிளியரோ. கியூ0 சரியாக இருந்து கியூ1 தவறினால், டி1-க்கான கேட்கள் அல்லது துள்ளல். எஸ்1-ல் எக்ஸ்=0 வைத்து, கிளாக் அடிக்கும் முன்பே பின் 12-ஐ மல்டிமீட்டரால் அளந்தால் 5 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். இருந்தும் கியூ1 நிற்கவில்லை என்றால் துள்ளல்தான், கேட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

படிப்பது பற்றிக் கேட்டீர்கள். முதல் பாதியில் கேள்வி "என்ன உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு" என்பது மட்டும். இரண்டாம் பாதியில் "எப்போது" என்பது கூடவே வருகிறது, பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த மாற்றத்தில்தான். அதற்கு ஒரே மருந்து டைமிங் டயக்ராம் கையால் வரைவது. கட்டம் போட்ட தாளில் மேலே கிளாக், கீழே எக்ஸ், அதற்குக் கீழே கியூ1, கியூ0, கடைசியில் இசட். எக்ஸை வேண்டுமென்றே எட்ஜுக்கு நடுவில் மாற்றி வரையுங்கள். ஒவ்வொரு ரைசிங் எட்ஜிலும் செங்குத்தாகக் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் மதிப்புகளை மட்டும் வைத்து வலப்பக்கத்தை நிரப்புங்கள். இசட்டுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அது எக்ஸோடு சேர்ந்து நடுவிலேயே மாறும். உங்கள் முதல் கேள்விக்கான பதிலை அந்தத் தாளே காட்டிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்டேட் டேபிளை 00, 01, 10, 11 என்ற வரிசையில் எழுதுவோம், கே-மேப்பின் வரிசை 00, 01, 11, 10. டேபிளிலிருந்து வரிசையாகப் பார்த்துக் காப்பி செய்தால் எஸ்2-வும் எஸ்3-வும் இடம் மாறிவிடும். கட்டத்தில் எண்ணை எழுதிக்கொண்டு நிரப்புவது நல்லது.

---

அலைவடிவம்

இதையே வெரிலாக்கில் (சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் மொழி) எழுதச் சொல்லும் லேப் சீக்கிரமே வரும், அதில் வேறு வகைத் தவறுகள் காத்திருக்கின்றன.

ஸ்டேட் ரிஜிஸ்டரைக் கிளாக் எட்ஜில் இயங்கும் ஆல்வேஸ் பிளாக்கில் தனியாக வையுங்கள், அதில் <= மட்டும். அடுத்த ஸ்டேட், வெளியீடு இரண்டையும் காம்பினேஷனல் பிளாக்கில், அதில் = மட்டும். கலந்தால் என்ன ஆகும்? கிளாக் பிளாக்குக்குள் "அ = உள்ளீடு; ஆ = அ;" என்று எழுதினால் இரண்டாவது வரி ஏற்கெனவே மாறிவிட்ட "அ"-வை எடுக்கும், இரண்டு ஃபிளிப்ஃபிளாப் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஒன்றாகச் சுருங்கும். வரிகளை மாற்றிப் போட்டால் வேலை செய்வது போலத் தோன்றும், அது இன்னும் ஆபத்து. <= போட்டால் வரிசை எப்படி இருந்தாலும் இரண்டும் பழைய மதிப்பைத்தான் எடுக்கும், 7474-இன் இரண்டு பாதிகளும் ஒரே எட்ஜில் செய்வது போல.

காம்பினேஷனல் பிளாக்கின் முதல் இரண்டு வரியில் இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள்: அடுத்த ஸ்டேட் = எஸ்0, இசட் = 0. அப்புறம் கேஸ். இது இல்லாமல் ஏதாவது ஒரு கிளையில் இசட்டுக்கு மதிப்பு தர மறந்தால், "பழையதையே வைத்துக்கொள்" என்று பொருளாகி, சிந்தஸிஸ் கருவி லாட்ச் (கிளாக் எட்ஜுக்குக் காத்திராத நினைவகம்) ஒன்றை உருவாக்கிவிடும். எச்சரிக்கைச் செய்திகளில் லாட்ச் என்ற சொல் தென்பட்டால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள், சிமுலேஷனில் சரியாக ஓடினாலும் கூட.

ஐகாரஸ் வெரிலாக் சிமுலேட்டரில் ஓட்டி, அலைவடிவம் காட்டும் ஜிடிகேவேவில் பார்த்தால், ரீசெட் தராதவரை ஸ்டேட் சிவப்பாகத் தெரியும். அது "மதிப்பு தெரியாது" என்ற எக்ஸ், உங்கள் உள்ளீட்டின் பெயர் அல்ல (உள்ளீட்டுக்கு வேறு பெயர் வைப்பது நல்லது). டெஸ்ட்பெஞ்சில் (சோதனைக்காக உள்ளீடு கொடுக்கும் கோடில்) உள்ளீட்டைக் கிளாக்கின் ஃபாலிங் எட்ஜில் மாற்றுங்கள். ரைசிங் எட்ஜிலேயே மாற்றினால் பழைய பிட் எடுக்கப்பட்டதா புதியதா என்பது சிமுலேட்டரின் உள்வரிசையைப் பொறுத்துப் போய்விடும்.

எஃப்பிஜிஏ (வெரிலாக்கில் எழுதியதை ஏற்றி ஓட்டும் சிப்) போர்டில் பட்டனைக் கிளாக்காகக் கொடுக்க வேண்டாம். போர்டின் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கையே எல்லா ஃபிளிப்ஃபிளாப்புக்கும் கொடுத்து, பட்டனை முதலில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப் வழியாகக் கடத்துங்கள், பிறகு 20 பிட் கவுண்டர் ஒன்று: பட்டன் மதிப்பு மாறாமல் கவுண்டர் நிரம்பும்வரை, அதாவது சுமார் 21 மில்லி விநாடி, இருந்தால்தான் ஏற்பது. ஏற்ற மதிப்பு 0-விலிருந்து 1 ஆகும் ஒரே ஒரு கிளாக்கில் மட்டும் எனேபிள் சிக்னல் 1. ஸ்டேட் ரிஜிஸ்டர் அந்த எனேபிள் இருந்தால்தான் நகரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட் வரைபடமே வேண்டாம், கடைசி மூன்று பிட்டை ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் வைத்து "101, இப்போது 1" என்று ஒப்பிடலாம். உங்கள் நான்கு ஸ்டேட்டுக்கு இரண்டு ஃபிளிப்ஃபிளாப் போதும், இதற்கு மூன்று வேண்டும், ஆனால் யோசிக்க வேலை இல்லை. கவனம் ஒன்று: ரீசெட்டில் ரிஜிஸ்டர் 000 ஆகிறது. 1011 என்பது 1-ல் தொடங்குவதால் பாதகமில்லை. தேடுவது 0011 என்றால், ரீசெட்டுக்குப் பின் வெறும் 1, 1 வந்தாலே "கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடும், வராத இரண்டு 0-களை வந்ததாக எடுத்துக்கொண்டு.

---

பூச்சியம்_ஒன்று

மூவருக்கும் நன்றி. 7414 போட்டு, கிளியர், பிரீசெட் கட்டிய பிறகு 11011, 101011, 1011011 மூன்றும் சரியாக வருகின்றன.

அடுத்த லேபில் இரண்டு வேலை. ஒன்று, இசட் எல்இடி நான்காவது கிளாக் அழுத்திய பின்னும் அடுத்த கிளாக் வரை எரிய வேண்டும். இதற்கு மூர் வகையாக (வெளியீடு ஸ்டேட்டை மட்டும் சார்ந்தது) முதலிலிருந்து போட வேண்டுமா? இரண்டு, 1011 எத்தனை முறை வந்தது என்று எண்ண வேண்டும். இசட்டை நேராக ஒரு கவுண்டர் சிப்பின் கிளாக்கில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

---

ஏறுமுனை

முதலாவதற்கு மறுபடி போட வேண்டாம். மூர் வகையில் "1011 முடிந்தது" என்று ஐந்தாவது ஸ்டேட் வரும், அதற்கு மூன்று ஃபிளிப்ஃபிளாப். நீங்களும் மூன்றாவது ஃபிளிப்ஃபிளாப் ஒன்றை இன்னொரு 7474-லிருந்து எடுத்து, அதன் டி-யில் இசட்டை (7408 பின் 11) கொடுங்கள். கிளாக்கும் கிளியரும் மற்ற இரண்டுக்கும் உள்ள அதே வயர், பிரீசெட் 5 வோல்ட்டுக்கு. நான்காவது பிட்டின் எட்ஜில் இசட் 1 ஆக இருப்பதை அது பிடித்துக்கொண்டு அடுத்த எட்ஜ் வரை காட்டும். ஃபிளிப்ஃபிளாப் எண்ணிக்கை மூருக்குச் சமம், ஏற்கெனவே சோதித்த கேட்களில் கை வைக்க வேண்டியதில்லை. புதிய சிப்பின் மிச்சப் பாதியில் பின் 11, 12 கிரவுண்டுக்கு, 10, 13 இரண்டும் 5 வோல்ட்டுக்கு, 8, 9 சும்மா.

இரண்டாவதில் இசட்டைக் கிளாக்காகக் கொடுக்காதீர்கள். எஸ்3-ல் நிற்கும்போது எக்ஸ் ஸ்விட்சின் துள்ளல் அத்தனையும் இசட்டில் அப்படியே தெரியும். எக்ஸுக்குத் துள்ளல் நீக்கம் வேண்டாம் என்று சொன்னது, அதை எட்ஜில் மட்டும் பார்க்கிறோம் என்பதால். இசட்டையே கிளாக் ஆக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு 1011-க்குக் கவுண்டர் மூன்று, நான்கு என்று தாவும், கிளாக்கே அடிக்காமல்.

74ஹெச்சி161 கவுண்டர் எடுத்து, அதன் கிளாக் பின் 2-ல் உங்கள் பொதுக் கிளாக்கைக் கொடுங்கள். இசட்டைப் பின் 7-ல், அதாவது எனேபிளில். மற்றொரு எனேபிளான பின் 10-ஐயும், லோடான பின் 9-ஐயும் 5 வோல்ட்டுக்கு. பின் 3 முதல் 6 வரை கிரவுண்டுக்கு. கிளியரான பின் 1 அதே ரீசெட் வயருக்கு. சப்ளை பின் 16, கிரவுண்ட் பின் 8. எண்ணிக்கை பின் 14, 13, 12, 11-ல், 14 கடைசி பிட். இப்போது எட்ஜ் வரும் கணத்தில் இசட் 1 ஆக இருந்தால் மட்டும் ஒன்று கூடும்.

லேபில் 163 மட்டும் இருந்தால் பின்கள் அனைத்தும் இதே இடம்தான், ஆனால் அதன் கிளியர் கிளாக்கோடு சேர்ந்தே வேலை செய்யும்: ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கிளாக்கும் அழுத்தினால்தான் எண்ணிக்கை 0 ஆகும். 161-க்கு ரீசெட் மட்டும் போதும்.